நரம்பு, நூல், கயிறு, கம்பி

உண்டிவில்லின் ரப்பரைக் காது வரைக்கும் இழுத்துப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தம்பி நின்ற தோரணையைப் பார்த்தால், தைலமரத்துக்கு மேலே ஒரு நூலைப் போட வந்தவனாகத் தெரியவில்லை. யாரோ படம் பிடிக்கப் போகிறார்கள் என்பதுபோல நின்றான். டவுன் பஸ் ஓட்டுகிறவன். வாரத்தில் ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு, அதையும் அக்காவுக்காக விட்டுக்கொடுத்திருக்கிறான், கொஞ்சம் மிதப்பு இருக்கத்தான் செய்யும். அக்கா பின்கட்டுக் கதவருகே நின்றாள். அவள் கணவர் பிளாஸ்டிக் நாற்காலியில், வலது கையை மடியில் வைத்து அதன்மேல் இடது கையை வைத்து உட்கார்ந்திருந்தார். ஊர் உலகத்தில் உள்ள கடைத் தராசுகளையெல்லாம் பழுது பார்த்தவர் என்பதால் தெருவில் அவருக்குத் தராசுக்காரர் என்றுதான் பேர்.

ஈயக்குண்டு விர்ரென்று கிளம்பியது. குறி என்றால் அப்படி ஒரு குறி. எழுபதடி உயரத்தில் மரம் இரண்டாகப் பிரிகிற கவட்டைக்குள் நடுவாகப் புகுந்தது. பின்னாலேயே தூண்டில் நரம்பு வெயிலில் மின்னிக்கொண்டு போக, எல்லாம் அந்தப் பக்கம் இறங்கியது. தம்பி கையை உயர்த்தினான். அப்போதுதான் தரையில் கிடந்த நரம்பின் வால்நுனி மெல்ல எழுந்து, அவன் செருப்பைத் தாண்டி, மரத்தை ஒட்டி மேலே ஏறி, கவட்டையைக் கடந்து, குண்டு போன வழியே போய்ப் பின்சந்தில் விழுந்தது. மூன்று பேரும் அது போகிற அழகை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வால எதுலயாவது கட்டினியாடா?"

"நீ கட்டியிருப்பேன்னு நெனச்சேன்க்கா."

அவள் கர்ட்டன் தைக்கிறவள். வாசல் அறையில் இரண்டு மெஷின், துணிக்கு ஓரம் அடிக்கிற ஓர் ஓவர்லாக், வேலைக்கு மூன்று பெண்கள். ஊசியில் நூலைக் கோத்தால் முதல் காரியம் நுனியில் முடிச்சு என்று வருகிற பெண்ணுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள். அவள் வீட்டுக் கொல்லையிலேயே இப்படி நடந்தது மானக்கேடு. அந்தப் பெண்களுக்கு இன்றைக்கு விடுமுறை என்பது ஒன்றுதான் ஆறுதல். திட்டுவதற்கு வாயெடுத்துத் திரும்பியவள், நாற்காலியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். தராசுக்காரரின் இடதுபக்க உதடு மேலே ஏறியிருந்தது. சிரிக்கிறார். ஐந்து மாதத்தில் அவள் பார்க்கிற முதல் சிரிப்பு அது, பாதிதான் என்றாலும்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சாய்ந்தார். வலது கை, வலது கால், வாயின் வலது பக்கம் மூன்றும் ஒரே நாளில் வேலைநிறுத்தம் செய்தன. கால் திரும்பி வந்துவிட்டது. கை பாதி வந்தது. பேச்சுதான் முரண்டு பிடித்தது. அறிவில் ஒரு குறையும் இல்லை, நாக்குதான் வளைந்து கொடுக்க மாட்டேன் என்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே தம்பியின் பஸ் வந்து நின்று ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம், அவ்வளவு நேரம் ஆகும். பேசப் பேசத்தான் சரியாகும், பேச விடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவளும் விட நினைத்தவள்தான். ஆனால் அவர் "தண்" என்று தொடங்குவதற்குள் தண்ணீர் டம்ளர் கைக்கு வந்துவிடும். "விசி" என்றால் ஃபேன் சுற்றும். "கண்ணா" என்றால் கண்ணாடி மூக்கில் ஏறிவிடும். வாயைக் கோணிக்கொண்டு அவர் ஓர் எழுத்துக்காகப் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல்தான் செய்தாள், வேறு எதற்கு? மனிதர் மெல்ல மெல்லப் பேச்சையே குறைத்துக்கொண்டு, கடைசியில் வேண்டும், வேண்டாம் என்ற இரண்டு சொல்லில் வந்து நின்றார். இப்போது பத்து நாளாக அதற்கும் தலையசைப்புதான்.

வாயால் பேசாமலே அவர் பேசுகிற ஓர் ஆள் உண்டு. உள்ளறை மேஜையில் அவருடைய ரேடியோ இருக்கிறது. பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி ஆளோடு ஆள் பேசுகிற ரேடியோ. பக்கத்தில் தந்தி அடிக்கிற மாதிரி ஒரு சின்னப் பித்தளைக் கட்டை. அதைத் தட்டித் தட்டி, நீளமும் குட்டையுமான சத்தத்தால் எழுத்தெழுத்தாகப் பேச வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ குளிர் தேசத்தில் ஆப்பிள் தோட்டம் வைத்திருக்கிற ஒரு கிழவர் பத்தொன்பது வருஷமாக ஞாயிறுதோறும் மாலை ஏழு மணிக்கு வருவார். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. என்னதான் அப்படிப் பேசுவீர்கள் என்று கேட்டால் மழை, முட்டிவலி, ஆப்பிளில் பூச்சி என்பார். ஏழு மணி நெருங்கினால் அவள் அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள், "என் சக்களத்திக்கு நேரமாச்சு, போங்க."

பேர் சொல்லுமுன்பே இரண்டு எழுத்தில் ஆளைத் தெரிந்துவிடும் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். தட்டுகிற கையில் அவரவருக்கு ஒரு நடை உண்டாம். அது அவளுக்கு உடனே விளங்கியது. மடிப்புத் தையலைப் பார்த்தே எந்தப் பெண் தைத்தது என்று சொல்லிவிடுகிறவள்தானே அவளும்.

ஒன்றரை மாதத்துக்கு முன் ஒரு பெருங்காற்றில் ரேடியோவின் கம்பி அறுந்து விழுந்தது. இரண்டு மரங்களுக்கு நடுவே, துணி காயப் போடுகிற கொடி மாதிரி, ஆனால் ஐம்பதடி உயரத்தில் கட்டியிருந்த செப்புக் கம்பி. அது இல்லாவிட்டால் ரேடியோ வெறும் பெட்டி. எப்படியும் கை இல்லை, கம்பி இருந்தென்ன என்பதுபோல அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவள்தான் அதை முழங்கையில் சுற்றி எடுத்து வைத்தாள். போன புதன்கிழமை ஒரு தபால் அட்டை வந்தது. அவர் படித்துவிட்டு ரேடியோவின் அடியில் செருகி வைத்தார். அவள் அதை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்து, அடுத்த வீட்டுப் பல் டாக்டரிடம் காட்டி இன்னொரு தரம் உறுதி செய்துகொண்டாள். ஐந்து மாதமாக உங்களைக் கேட்கவில்லை, ஒவ்வொரு ஞாயிறும் அதே இடத்தில் காது வைத்திருக்கிறேன், மாதக் கடைசியில் தோட்டத்தை விட்டு மகள் வீட்டுக்குப் போகிறேன், அது ஒன்பதாம் மாடி, கம்பி கட்ட அங்கே மரம் கிடையாது, இந்த மாதத்துக் கடைசி ஞாயிறு வரைக்கும் கேட்பேன் என்று எழுதியிருந்தது.

போன் நம்பர் கேட்டு எழுதலாமே என்றாள். அவர் தன் வாயைத் தொட்டுக் காட்டினார். கம்பியை மறுபடி ஏற்றினால் என்று கேட்டாள். வலது கையைத் தூக்கிக் காட்டினார். பிறகு ஜன்னல் வழியே மரத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை போதும் அவளுக்கு. மாதத்துக் கடைசி ஞாயிறு இன்றைக்குத்தான். ஏழு மணிக்குள் கம்பி ஏற வேண்டும், இல்லையென்றால் இவர் இந்த உலகத்தில் இனி யாரோடும் பேசப் போவதில்லை என்று பயந்தாள்.

வேலை என்னவோ சொல்வதற்குச் சுலபம். கயிற்றை அப்படியே மரத்துக்கு மேலே எறிய முடியாது. முதலில் ஈயக்குண்டில் தூண்டில் நரம்பைக் கட்டி உண்டிவில்லால் அடிக்க வேண்டும். நரம்பு கிளையைத் தாண்டி இறங்கியதும் அதன் நுனியில் கொத்தனார் நூலைக் கட்டி இழுக்க வேண்டும். நூலுக்குப் பின்னால் கயிறு, கயிற்றுக்குப் பின்னால் கம்பி. ஒன்று போன வழியில் அதைவிடக் கனமானது போகும். தராசுக்காரர் போன வியாழக்கிழமை இடது கையால் படம் போட்டே காட்டினார். வாலைக் கட்டு என்று மட்டும் போட மறந்துவிட்டார்.

இரண்டாவது தடவை வாலைத் தண்ணீர்க் குழாயில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினாள். தைலமரம் பத்தரைக்கெல்லாம் முடிந்தது. அடிமரம் வழவழ, மேலே இரண்டே கிளை, பெரிய வித்தையொன்றும் தேவைப்படவில்லை. கயிறு ஏறியதும் தம்பி, "சாப்பாட்டுக்கு முன்னாடி ரெண்டாவதும் முடிஞ்சிரும், பாரேன்" என்றான்.

இரண்டாவது மரம் மதிலுக்கு அந்தப் பக்கம், பல் டாக்டர் வீட்டில் இருந்தது. தூங்குமூஞ்சி மரம். பேருக்குத்தான் தூங்குமூஞ்சி, பகலில் அதைப்போல முழித்துக்கொண்டிருக்கிற மரம் கிடையாது. குடையை விரித்ததுபோல அகலம், உயரம் அறுபதடிக்குக் குறையாது, அடர்ந்த இலை. எங்கே கிளை, எங்கே இடைவெளி என்று கீழேயிருந்து ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் தாராளமாக அனுமதி கொடுத்தார். காரை எடுத்துத் தெருவில் நிறுத்திவிட்டு, ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மதில் ஓரமாக வந்து நின்றார். எதற்கு டாக்டர் ஹெல்மெட் என்று கேட்டதற்கு, "தம்பி குறி தப்பாதுன்னு நீங்கதான் சொல்றீங்க. ஈயக்குண்டுக்கு அது தெரியணுமே" என்றார்.

ஈயக்குண்டுக்குத் தெரியவில்லை. முதல் அடி பாதி உயரத்திலேயே நின்று விழுந்தது. நரம்பு சுற்றியிருந்த உருளை தரையில் உருண்டு உருண்டு குண்டைப் பின்னால் இழுத்தது. அதை அவள்தான் கண்டுபிடித்தாள். மெஷினில் நூல் கோன் உருளவா செய்கிறது, அது நின்ற இடத்தில் நிற்க, நூல் தலை வழியாக அல்லவா வருகிறது. நரம்பு முழுவதையும் உருவி, அகலமான துணி அலசும் பேசினில் சுருள்சுருளாகப் போட்டாள். அடுத்த அடியில் குண்டு போனது போன மாதிரி தெரிந்தது, இலைக்குள் புகுந்தது, அவ்வளவுதான், உள்ளே எதிலோ சுற்றிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இழுத்து அறுத்தார்கள். அதற்கடுத்த குண்டு டாக்டர் வீட்டுத் தகரக் கொட்டகையில் விழுந்து பக்கத்துத் தெரு நாய் வரைக்கும் குரைக்க வைத்தது. பன்னிரண்டு மணிக்குள் ஐந்து குண்டு மரத்திலேயே தங்கிவிட்டன.

அந்த நேரத்தில்தான் தராசுக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "அஞ்சு… மணிக்கு…" என்றார்.

"அஞ்சு மணி மாத்திரைதானே, ஞாபகம் இருக்கு, குடுத்துர்றேன்" என்றாள் அவள், பேசினில் நரம்பை அடுக்கிக்கொண்டே.

"அவ்ளோ நேரம் ஆகாது மாமா, ரெண்டு மணிக்குள்ள முடிச்சிடறேன்" என்றான் தம்பி.

அவர் வாயை மூடிக்கொண்டார்.

சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி தொடங்கினார்கள். தம்பி இப்போது தோரணையெல்லாம் விட்டுவிட்டான். பலம் போதவில்லை என்று ரப்பரை இரட்டையாகக் கட்டி, மரத்தின் உச்சியையே தாண்டுகிற மாதிரி அடித்தான். ஒன்று தாண்டியும் விட்டது. ஆனால் நரம்பு பத்துக் கிளைகளின் மேல் படிந்து கிடந்தது. கொத்தனார் நூலைக் கட்டி இழுத்ததும் எங்கோ மாட்டி, இழுக்க இழுக்க இறுகியது. அதையும் அறுத்தார்கள். ரப்பர் ஒருமுறை திருப்பி அடித்து அவன் கட்டைவிரல் வீங்கியது. மூன்று மணிக்குத் தராசுக்காரர் மறுபடி "அஞ்சு மணி…" என்று ஆரம்பித்தார். "ஐயோ, மாத்திரைய நான் மறப்பேனாங்க? நீங்க உள்ள போய்ப் படுங்க" என்று அவள் கையைப் பிடித்துத் தூக்கப் போனாள். அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தார். அவளுக்குக் கோபம் வந்தது. இவருக்காகத்தானே இந்த வெயிலில் இத்தனை பேர் அல்லாடுகிறோம், இவர் மாத்திரைக்கு மணி பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று இருந்தது.

நாலு மணி சுமாருக்கு நரம்பு பேசினுக்குள்ளேயே சிக்கல் விழுந்து ஒரு குருவிக்கூடாக ஆகிவிட்டது. தம்பி அதைத் தூக்கி எறியப் போனான். டாக்டர் தடுத்து, வீட்டுக்குள் போய்த் தன் இடுக்கியை எடுத்துக்கொண்டு மதிலுக்கு இந்தப் பக்கம் வந்தார். பல்லில் பஞ்சு வைக்கிற மெல்லிய இடுக்கி. தராசுக்காரரின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்து, ஒவ்வோர் இழையாகப் பிரிக்கத் தொடங்கினார். தம்பி மதில்மேல் சாய்ந்து விரலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். அவள் டீ போட உள்ளே போனாள்.

டீயோடு திரும்பி வரும்போது கதவுக்கு உள்ளேயே நின்றுவிட்டாள். அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"அஞ்சு… மணிக்கு…" என்றார். டாக்டர் "ம்" என்றார், தலை நிமிரவில்லை, கண் சிக்கலில் இருந்தது. ஓர் இழை வந்தது. இன்னோர் இழை வந்தது. "இலை…" என்றார் அவர். மறுபடி "ம்". நாளெல்லாம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பஞ்சுக்கு நடுவே பேசுகிறவர்களோடு பிழைக்கிறவர் டாக்டர், அவருக்கு அவசரமே இல்லை. "மூடும்… அப்ப… கிளை… தெரியும்."

"அட, ஆமால்ல" என்றார் டாக்டர் மெதுவாக. "தூங்குமூஞ்சிதானே. சாயங்காலமானா இலையெல்லாம் மடிஞ்சிரும். என் வீட்டு மரம், எனக்குத் தோணல பாருங்க."

அவள் டீத் தட்டோடு அங்கேயே நின்றாள். காலையிலிருந்து இரண்டு தடவை சொல்ல வந்திருக்கிறார். இரண்டு தடவையும் மாத்திரையைச் சொல்லி வாயை அடைத்தது அவள்தான். இன்றைக்கு மட்டுமா? ஐந்து மாதத்தில் எத்தனை எத்தனை வாக்கியத்தை அவள் பாதியில் பிடுங்கித் தன் இஷ்டத்துக்கு முடித்திருப்பாள்? "நேத்து" என்று ஒருநாள் தொடங்கினாரே, நேற்று என்ன? அன்றைக்கு அவள் நேற்றைய குழம்பைச் சுட வைத்துக் கொடுத்தாள். அவர் அதைச் சாப்பிட்டார். டீ ஆறுகிறதே என்று தம்பி குரல் கொடுத்த பிறகுதான் வெளியே வந்தாள்.

ஐந்து மணிக்கு மாத்திரையைக் கொடுத்தாள். பிறகு நால்வரும் மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அது மூடுவது கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை பார்வையை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்க்கும்போதும் கொஞ்சம் கூடுதலாக வானம் தெரிந்தது. ஐந்தரைக்கு இலைகள் எல்லாம் கைகூப்பியதுபோல மடிந்து தொங்க, பகல் முழுக்க ஒரே பச்சைச் சுவராக இருந்த இடத்தில் கிளைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நின்றன. ஐந்து ஈயக்குண்டுகளும் அங்கங்கே தொங்குவதுகூடத் தெரிந்தது. உச்சிக்கும் கீழே, இடது பக்கமாக, பெரிய கிளை ஒன்று தனியாக நீண்டிருந்தது. அதற்கு மேலே ஒரு ஜன்னல் அளவுக்கு வெற்றிடம்.

தம்பி இரட்டை ரப்பரை மாட்டினான். தராசுக்காரர் இடது கையை உயர்த்தி விரலை ஆட்டினார். தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தவன், அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசாமல் நின்றான். "ஒத்த… ரப்பர்… மெதுவா…" என்றார் அவர். அதைச் சொல்லி முடிக்கும்வரை மூன்று பேரும் நின்றார்கள். முதல் அடி கீழே போனது. அவர் விரலால் கொஞ்சம் மேலே காட்டினார். இரண்டாவது அடி வெற்றிடத்துக்குள் சத்தமில்லாமல் புகுந்து, கிளையைத் தாண்டி, அந்தப் பக்கம் பத்தடி இறங்கி நின்றது.

நின்றதுதான் சிக்கல். குண்டு கீழே வரவில்லை. அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. தம்பி பதறி நரம்பை இழுக்கப் போனான்.

"இழுக்காதடா. விட்டுப் பிடிக்கணும்" என்று அவள் அவன் கையிலிருந்து நரம்பை வாங்கினாள். இரண்டு முழம் தளர விட்டு, மணிக்கட்டால் ஒரு சுண்டு சுண்டினாள். நரம்பு கிளைமேல் துள்ளியது, குண்டு ஒரு சாண் இறங்கியது. மறுபடி தளர விட்டாள், மறுபடி சுண்டினாள். ஒரு சாண், ஒரு சாணாக, கால் மணி நேரம். டாக்டர் கையை நீட்டி எக்கி அதைப் பிடித்தபோது அவள் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது.

அப்புறம் அவள் ராஜ்ஜியம். ஓவர்லாக்கில் நூல் மாற்றும்போது பழைய நூலின் நுனியில் புது நூலை முடிந்து இழுத்தால் ஊசி வரைக்கும் தானே போய்ச் சேரும், அதை ஒரு நாளைக்கு நாலு தடவை செய்கிறவள். முடிச்சு தடித்துக் கிளையில் மாட்டக் கூடாதே என்று நரம்பையும் கொத்தனார் நூலையும் ஊசியால் தைத்தே இணைத்து, மெழுகு தடவி உருட்டினாள். நரம்பு போன வழியில் நூல் போனது, நூல் போன வழியில் கயிறு. ஆறு இருபதுக்குக் கம்பி இரண்டு மரங்களுக்கும் நடுவே ஏறி நின்றது. தம்பி கயிற்றின் இந்தப் பக்கத்து நுனியை மதில் கொக்கியில் இழுத்துக் கட்டப் போனான்.

"தண்ணி…" என்றார் தராசுக்காரர்.

தம்பி கயிற்றைப் போட்டுவிட்டு டம்ளருக்கு ஓடினான். அவளுக்கும் கால் பாதி எழுந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இருடா. அவர் முடிக்கட்டும்."

அவர் அவளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தையை எடுத்தார். "தண்ணி… கேன்… கட்டி… தொங்க… விடு. இறுக்கி… கட்டினா… மரம்… ஆடும்போது… அறும்." முன்பு அறுந்தது அப்படித்தான். அதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு நீளமான நிமிடத்தைப் பார்த்ததில்லை. ஐந்து லிட்டர்க் கேனில் தண்ணீர் நிரப்பிக் கயிற்றின் நுனியில் கட்டி, கொக்கியின் வளையம் வழியாகத் தொங்கவிட்டார்கள். மரம் சாய்ந்தால் கேன் ஏறும், நிமிர்ந்தால் இறங்கும்.

ஏழு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது அவர் ரேடியோ முன்னால் உட்கார்ந்து, பித்தளைக் கட்டையைத் தானே இடது பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். ஸ்பீக்கரில் அரிசி களைகிற மாதிரி இரைச்சல். அவள் அறை வாசற்படியில் நின்றாள், பின்னால் தம்பியும் டாக்டரும். அவர் தட்டத் தொடங்கினார். முன்பெல்லாம் அது மெஷினை முழு வேகத்தில் விட்ட சத்தம். இப்போது கைத்தையல், அதுவும் பழகாத கையால். ஒரு சத்தம், ஒரு தயக்கம், இன்னொரு சத்தம். நிறுத்திக் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினார். ஒன்றும் வரவில்லை. மூன்றாம் முறை தட்டி நிறுத்தியதும், இரைச்சலுக்கு அடியிலிருந்து மெல்லிய விசில் போன்ற ஒரு சத்தம் சரசரவென்று ஓடியது. நிற்காமல் ஓடியது. அவர் பென்சிலை இடது கையில் பிடித்துத் தடுமாறித் தடுமாறி எழுதினார். கோழி கிளறிய மாதிரி எழுத்து. அவள் குனிந்து கூட்டிப் படித்தாள்.

யார் தட்டுவது? இது அவர் கை இல்லை. அவர் எங்கே?

பத்தொன்பது வருஷத்து மனிதருக்கு இவரைத் தெரியவில்லை. தராசுக்காரர் பென்சிலைக் கீழே வைத்தார். கட்டையின் மேல் கையை வைத்தார், தட்டவில்லை. நான்தான்னு சொல்லுங்களேன் என்பது அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினாள். பின்னால் தம்பி "மாமா" என்று ஆரம்பித்தான். திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள்.

அவர் தட்டினார். நடுவில் தப்பு வந்து நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து தட்டினார். என்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரியாது. நீளமாகச் சொன்னார். நெற்றியில் வியர்வை வழிந்தது, துடைக்கவில்லை. கடைசி எழுத்தைத் தட்டிவிட்டுக் கையை மடியில் போட்டார். இரைச்சல் மட்டும் இருந்தது. அவள் மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி, முப்பது வரை எண்ணி, எண்ணிக்கையை விட்டாள். கிழவர் எழுந்து போய்விட்டாரோ என்று நினைத்தாள்.

அப்புறம் வந்தது. முதலில் வேறு யாரோ என்றுதான் தோன்றியது. நீளமாக ஒரு சத்தம். நிறுத்தம். குட்டையாக ஒன்று. நிறுத்தம். அந்தப் பாஷை தெரியாத அவளே விரல்விட்டு எண்ணலாம், அவ்வளவு நிதானம். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே ஒரு பஸ் வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பலாம். இவர் தட்டிய அதே வேகம், ஓர் இம்மிகூட முந்தவில்லை. அங்கே அந்தக் குளிர் தேசத்தில், மூட்டை கட்டி வைத்த வீட்டில், அத்தனை வருஷம் ஓடிய கையைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி அந்தக் கிழவர் தட்டிக்கொண்டிருந்தார்.

தராசுக்காரர் ஓர் எழுத்தை எழுதிவிட்டு, பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்ததற்காகக் காத்திருந்தார். இடதுபக்க உதடு ஏறியிருந்தது. அவள் தாளைப் பார்க்கவில்லை. மெஷின் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே, மதில் ஓரத்தில், தூங்குகிற மரம் காற்றுக்குச் சாய்ந்தபோது தண்ணீர்க் கேன் ஒரு சாண் மேலே ஏறி நின்றது, பிறகு மெல்ல இறங்கியது.